கட்டுத்துணி நான்கு ரோல்

பெரியம்மாவை வீட்டுக்கு அனுப்பிய அன்று பதினொரு பக்கத்துக்கு பில் கொடுத்தார்கள். துபாயில் இருக்கும் அண்ணன் கேட்டான் என்று ஒவ்வொரு பக்கமாகப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பிக்கொண்டிருந்தேன். ஏழாம் பக்கத்தில் கை நின்றுவிட்டது. ‘கட்டுத்துணி, 4 ரோல்.’ பெரியம்மாவைச் சேர்த்தது நெஞ்சுச் சளிக்கு. நிமோனியா. உடம்பில் ஒரு கீறல் கிடையாது. கவுண்டரில் போய்க் கேட்டேன். கம்ப்யூட்டரிலிருந்து கண்ணை எடுக்காமல் அந்தப் பெண் சொன்னது: “கை கட்டினது சார்.”

ஆக, கட்டினதற்கும் காசு. எங்கள் கீழத்தஞ்சைப் பண்ணையார்களுக்கு எத்தனையோ கெட்ட பெயர் உண்டு. ஆனால் ஆளைக் கட்டிவைத்துவிட்டுக் கயிற்றின் விலையை அவன் வீட்டில் வசூலிக்கும் யோசனை அவர்களில் ஒருவருக்கும் வந்ததில்லை. கயிறு, சவுக்கு எல்லாம் பண்ணைச் செலவுதான்.

ஆஸ்பத்திரியின் பெயரை எழுதப்போவதில்லை. தஞ்சாவூர்ப் பக்கம், கண்ணாடிக் கட்டடம், வாசலில் பிள்ளையார். அவ்வளவு போதும். ஒன்றின் பெயரை மட்டும் சொன்னால் மற்றவர்கள், ‘நாங்கள் கட்டவில்லையா, எங்களை ஏன் விட்டாய்?’ என்று கோபித்துக்கொள்வார்கள்.

எங்கள் ஊர் கீழ்வேளூர். திருவாரூருக்கும் நாகப்பட்டினத்துக்கும் நடுவில் ரயில் நின்று போகும் ஊர். சாமி பெயர் கேடிலியப்பர். கேடு இல்லாதவர். டாக்டருக்குப் படிக்கிறவர்களுக்கும் முதல் பாடம் அதுதானாம்: நன்மை செய்ய முடியாவிட்டாலும் கேடு செய்யாதே. கேடிலியப்பர் இன்றுவரை அதைக் கடைப்பிடிக்கிறார். பில் போட வேண்டியதில்லை என்பதால் அவருக்கு அது சுலபம்.

பெரியம்மாவுக்கு வயது 86. மூன்று வருடமாக மறதி நோய். பேத்தியைச் செத்துப்போன தங்கச்சியின் பெயர் சொல்லிக் கூப்பிடுவாள். காலையில் சாப்பிட்டது மதியம் நினைவில் இருக்காது. ஆனால் இருட்டில் கையை நீட்டினால் வெற்றிலைப் பெட்டி அகப்படும். காலை ரயில் கூவினால் எழுந்து வாசல் தெளிப்பாள். கோயில் மணி அடித்தால் தட்டை எடுத்து வைத்துக்கொள்வாள். அவள் மறந்ததையெல்லாம் ரயிலும் மணியும் கொல்லைப்புறத்து முருங்கை மரமும் அவளுக்காக நினைவில் வைத்திருந்தன. மறதிக்காரர்களின் புத்தி பாதி தலைக்குள் இருக்கும், பாதி வீட்டுக்குள் இருக்கும். வீட்டைவிட்டுக் கிளப்பிக்கொண்டு போகும்போதே ஒரு பாதி போய்விடுகிறது. அதற்கு யாரையும் குறை சொல்ல முடியாது, அவளுக்கு வந்த நிமோனியாவை வீட்டில் வைத்துப் பார்க்க முடியாது.

மீதிப் பாதியைப் பிடுங்க ஆஸ்பத்திரிக்கு ஒன்றரை நாள் போதுமானதாக இருந்தது.

முதலில் மூக்குக்கண்ணாடி. பிறகு, அண்ணன் துபாயிலிருந்து வாங்கி வந்த காது மிஷின். பிறகு பல்செட். மூன்றையும் ஒரு பாலிதீன் பையில் போட்டு பெரியம்மாவின் மகளான அக்காவின் கையில் கொடுத்து, “தொலைஞ்சா நாங்க பொறுப்பில்ல” என்று ஒரு நோட்டில் கையெழுத்து வாங்கினார்கள். கண் தெரியாது, காது கேட்காது, சொன்னாலும் வாய் குழறும். இந்த நிலையில் ஐசியுவுக்குள் தள்ளிக்கொண்டு போனார்கள். சிறிது நேரத்தில் முகமூடி போட்ட ஒரு இளம் டாக்டர் வந்து, பெரியம்மாவின் புத்தி தெளிவாக இருக்கிறதா என்று சோதித்தார். கதவு மூடுவதற்குள் நானும் கேட்டுக்கொண்டிருந்தேன்.

“பாட்டி, இன்னைக்கு என்ன தேதி?”

“ஆடி பொறந்து பத்து நாளு இருக்குமா?”

சரியாகப் பத்து நாள்தான் ஆகியிருந்தது. டாக்டர் கேட்டது ஜூலை மாதத்தை. தப்பு.

“இது எத்தனாவது மாடி?”

ஆயுளில் மாடி வீட்டில் படுத்தறியாதவள் விழித்தாள். தப்பு.

“சிஎம் யாரு?”

“கலைஞருதான். நம்ம திருக்குவளைக்காரரு.”

அதில் தப்பு என்பதை ஒப்புக்கொள்கிறேன். எங்கள் பக்கத்தில் அவள் வயதுக்காரர்கள் பாதிப் பேர் அந்தத் தப்பைச் செய்வார்கள், நோய் இல்லாமலேயே. பிறகு அவள் திருப்பி ஒரு கேள்வி கேட்டாள்: “மேட்டூர்த் தண்ணி நம்ம வாய்க்காலுக்கு வந்துடுச்சா தம்பி?” ஜூன் 12-ல் அணையைத் திறந்தால் கடைமடைக்கு வந்து சேர எத்தனை நாள் என்பது அவள் எழுபது வருடம் நாற்று நட்டுத் தெரிந்துகொண்ட கணக்கு. டாக்டருக்கு அந்தப் பரீட்சையில் பூஜ்யம். ஆனால் அட்டையில் எழுதும் பேனா அவர் கையில் இருந்தது. ‘காலம் இடம் தெரியவில்லை’ என்று ஆங்கிலத்தில் எழுதிக்கொண்டார்.

இரண்டாம் நாள் ராத்திரி கலக்கம் ஆரம்பித்தது. ஐசியுவில் பகல் ராத்திரி கிடையாது. விளக்கு அணையாது, மிஷின் சத்தம் ஓயாது. இரண்டு மணிக்கு சர்க்கரை பார்க்க விரலில் குத்து. நான்கு மணிக்கு ஈரத்துணியால் உடம்பு துடைப்பு, ஏனென்றால் ஆறு மணிக்கு டியூட்டி மாறுகிறது. எங்கே இருக்கிறோம் என்று தெரியாத ஒரு கிழவியைத் தூங்கவும் விடாமல் முகம் மூடிய அந்நியர்கள் மாறி மாறிப் புரட்டினால் அவளுக்கு என்ன தோன்றும்? சுவரில் பாம்பு ஊர்கிறது என்றாளாம். வரப்பு உடைந்துவிட்டது, மடையை அடைக்கணும் என்று கட்டிலிலிருந்து இறங்கப் பார்த்தாளாம். ஊசிக் குழாயைப் பிடுங்கினாளாம். அக்காவைக் கூப்பிட்டு ஒரு பேப்பரில் கையெழுத்து வாங்கினார்கள். “ஏற்கெனவே டிமென்ஷியா இருக்குல்லம்மா, அப்படித்தான் இருக்கும்.”

அப்படித்தான் இருக்கும் என்று சொல்லிவிட்டால் எதையும் பார்க்க வேண்டியதில்லை. மறதி நோய் வருடக் கணக்கில் மெல்ல வருவது. இது மணிக்கணக்கில் வந்தது. சாயங்காலம் மகளை அடையாளம் கண்டவள் ராத்திரி பாம்பைக் கண்டாள், விடிந்ததும் ஒரு மணிநேரம் தெளிந்தாள், மறுபடி கலங்கினாள். இதற்கு மருத்துவத்தில் டெலிரியம் என்று தனிப் பெயர், எங்கள் தெருவில் ஜன்னி என்று பெயர். ‘ஜன்னி கண்டுடுச்சு, சீக்கிரம் பாருங்க’ என்று பதறுவார்கள் அந்தக் காலத்தில். மறதி உள்ளவர்களை இது மற்றவர்களைவிட எளிதில் பிடிக்கும். பிடித்தால் ஆஸ்பத்திரி வாசம் நீளும், சாவும் கிட்டத்தில் வரும், உயிரோடு திரும்பினாலும் மறதி முன்னைவிட வேகமாக மோசமாகும். ஆகவே ‘ஏற்கெனவே டிமென்ஷியா இருக்கு’ என்பது அவளை இரண்டு மடங்கு கவனமாகப் பார்க்க வேண்டிய காரணம். ஆஸ்பத்திரியில் அது பார்க்காமல் விடுவதற்கான காரணமாகிவிட்டது. ஏற்கெனவே கால் ஊனம், ஆகவே மாடியிலிருந்து தள்ளிவிட்டோம் என்பது போல.

பில்லுக்கு வருகிறேன். அமெரிக்காவில் ஷாரன் இனூயி என்றொரு டாக்டர். வயதானவர்கள் ஆஸ்பத்திரிக்கு வந்த பிறகு ஏன் கலங்கிப் போகிறார்கள் என்று ஆராய்ந்து 1996-ல் ஐந்து காரணங்களைச் சொன்னார். கட்டிப்போடுவது. சத்துக் குறைவு. புதிதாக மூன்றுக்கு மேல் மருந்துகளைச் சேர்ப்பது. மூத்திரக் குழாய் மாட்டுவது. ஐந்தாவது, சிகிச்சையே உண்டாக்கும் ஏதோ ஒரு கேடு.

இந்த ஐந்தையும் கையில் வைத்துக்கொண்டு பில்லைத் திரும்பப் படித்தேன். மூன்றாம் பக்கத்தில் மூத்திரக் குழாய், பை, மாட்டும் கட்டணம். கைத்தாங்கலாகப் பிடித்தால் நடந்து போகிறவளுக்கு எதற்குக் குழாய்? கூட்டிக்கொண்டு போக ஆள் இல்லை. ஆள் வாசலில் உட்கார்ந்திருந்தது, அது வேறு விஷயம். நான்காம், ஐந்தாம் பக்கம் முழுக்க மருந்து. வீட்டில் சாப்பிட்டது இரண்டு மாத்திரை, இங்கே புதிதாகப் பதினொன்று. ஆறாம் பக்கத்தில் ‘டயட் கட்டணம்’. பல்செட்டைப் பையில் போட்டு அனுப்பிவிட்டு அவளுக்கு நான்கு வேளையும் இட்லி கொடுத்ததாகக் கணக்கு. ஏழாம் பக்கத்தில் நம்முடைய நான்கு ரோல். கேடிலியப்பர் ஊர்க்காரிக்கு ஒன்று விடாமல் அத்தனை கேட்டையும் செய்து, எல்லாவற்றுக்கும் தனித்தனியாக விலை போட்டிருந்தார்கள். அந்த அம்மையார் வருடக் கணக்கில் ஆராய்ச்சி செய்திருக்க வேண்டியதில்லை. எங்கள் பில்லை வாங்கிப் பார்த்திருக்கலாம்.

ஊசியைச் சொல்லாமல் விட்டேன். கத்தியவளை அடக்கத் தூக்க ஊசி. அலர்ஜிக்குப் போடும் பழைய ரக ஊசியும் சேர்த்து, ஏனென்றால் அதுவும் தூக்கம் வரவழைக்கும். இந்த இரண்டு ரகமும் வயதானவர்களின் புத்தியை மேலும் கலக்கும் என்பது புதிய கண்டுபிடிப்பு இல்லை. வயதானவர்களுக்குத் தவிர்க்க வேண்டிய மருந்துகள் என்று மார்க் பியர்ஸ் என்ற டாக்டர் பட்டியல் போட்டது 1991-ல். முப்பது வருடத்துக்கு மேல் ஆகிறது. தண்ணீர் மேட்டூரிலிருந்து கீழ்வேளூருக்கு வர எடுத்துக்கொள்ளும் நாட்களை இனி நான் குறை சொல்ல மாட்டேன்.

ஊசி போட்ட மறுநாள் பெரியம்மா அசையாமல் கிடந்தாள். கூப்பிட்டால் கண் பாதி திறந்து மூடியது. நர்ஸ் சந்தோஷமாகச் சொன்னாள்: “இப்ப நல்லா கோஆபரேட் பண்றாங்க.” கத்துகிற ஜன்னி ஒன்று, கத்தாத ஜன்னி ஒன்று. கத்தாதது பெரும்பாலும் கண்ணுக்குப் படாமலே போகும், அதனாலேயே ஆபத்து அதிகம். நம் ஆஸ்பத்திரிகளில் அதற்குப் பெயர் ஒத்துழைப்பு. நான்கு நாளாக அவளுக்கு வயிறு போகவில்லை என்பதை யாரும் கேட்கவில்லை. மலச்சிக்கலே ஒரு கிழவியைக் கலங்க வைக்கப் போதும். அறுபது வருடமாகப் போட்ட புகையிலை ஒரே நாளில் நின்றதையும் யாரும் கேட்கவில்லை. ஸ்கேன் மட்டும் எடுத்தார்கள், தலைக்கு. ‘வயதுக்கு ஏற்ற சுருக்கம்’ என்று வந்தது. அதை என் கண்ணால் பார்த்தே சொல்லியிருப்பேன், ஐயாயிரம் ரூபாய் மிச்சமாகியிருக்கும்.

எனக்கு உண்மையில் ரத்தம் கொதிப்பது எங்கே என்றால், இதைத் தடுப்பது எப்படி என்று தெரிந்துகொண்ட பிறகு. அதே ஷாரன் இனூயி 1999-ல் நியூ ஹேவன் நகரத்து ஆஸ்பத்திரியில் எழுபது வயதுக்கு மேற்பட்ட 852 நோயாளிகளை வைத்துச் செய்த ஆய்வு. என்ன புது மருந்து? ஒன்றும் இல்லை. கண்ணாடியைப் போட்டுவிட்டார்கள். காது மிஷினைக் கொடுத்தார்கள். இன்ன நாள், இன்ன இடம் என்று திரும்பத் திரும்பச் சொன்னார்கள். நடக்கவைத்தார்கள். தண்ணீர் குடிக்கவைத்தார்கள். ராத்திரி சத்தத்தைக் குறைத்து, சூடாக ஏதாவது குடிக்கக் கொடுத்து, முதுகைத் தடவித் தூங்கவைத்தார்கள். வழக்கமான வைத்தியத்தில் நூற்றுக்கு 15 பேர் கலங்கினார்கள், இங்கே 9.9. கலங்கியிருக்கக்கூடிய மூன்று பேரில் ஒருவர் தப்பித்தார்.

இதையெல்லாம் செய்ய அவர்கள் தொண்டர்களைத் தேடிப் பிடித்துப் பயிற்சி கொடுக்க வேண்டியிருந்தது. பக்கத்தில் உட்கார்ந்து பேச, நடக்கவைக்க, ஊட்டிவிட ஆள் கிடைக்காத தேசம் அது. இங்கே? முதுகு தடவுவதில் நாற்பது வருட அனுபவமுள்ள அவளுடைய சொந்த மகள், பயிற்சி தேவைப்படாதவள், சம்பளம் கேட்காதவள், ஐசியு வாசலில் செருப்புகளுக்குப் பக்கத்தில் பாலிதீன் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தலைக்கு மேல் போர்டு: பார்வையாளர் நேரம் மாலை 5.00 முதல் 5.15 வரை. கூட்டம் கூடினால் தொற்று வரும் என்கிறார்கள். நியாயம்தான். ஆனால் ஒரு மகள் கூட்டம் ஆகமாட்டாள். மருந்துக் கடைக்கு ஓட, கையெழுத்துப் போட, பணம் கட்ட நடு ராத்திரியிலும் அந்த வாசலில் ஆள் இருந்தாக வேண்டும். இல்லாவிட்டால் மைக்கில் கூப்பிடுவார்கள். அம்மாவின் கையைப் பிடிக்க மட்டும் கால்மணி நேரம்.

காரணம் ரகசியம் இல்லை. மூக்குக்கண்ணாடியை மாட்டிவிட்டதற்கு பில்லில் என்ன போடுவது? ‘ஆடி பதினொண்ணு ஆச்சு ஆத்தா, இது ஆஸ்பத்திரி, நான் உன் மவ’ என்று சொன்னதற்கு எந்தத் தலைப்பில் வசூலிப்பது? அதைவிட நான்கு ரோல் கட்டுத்துணி கணக்குக்குச் சுத்தம்.

அவளைக் கட்டிப்போட்டிருப்பதே மூன்றாம் நாள் மாலை 5.05-க்குத்தான் எங்களுக்குத் தெரிந்தது. இரண்டு மணிக்கட்டும் கட்டில் கம்பியோடு. அக்கா குனிந்து அம்மா என்றாள். பெரியம்மா அவளைப் பார்க்கவில்லை. மேலே எங்கேயோ பார்த்துச் சின்னக் குழந்தையின் குரலில் சொன்னாள்: “ஆண்டே, அப்பனை அவுத்து விடுங்க ஆண்டே.”

வெண்மணி வட்டாரத்துக் கதை தெரியாதவர்களுக்காக: பெரியம்மாவின் அப்பா பண்ணையாள். நடவுக்குப் பிந்தி வந்தால் தென்னை மரத்தில் கட்டிச் சவுக்கால் அடிப்பார்கள், சாணியைக் கரைத்து வாயில் ஊற்றுவார்கள். நாற்பதுகளில் கம்யூனிஸ்ட் தலைவர் பி. சீனிவாசராவும் அவருடைய தோழர்களும் சேரிசேரியாக நடந்து சங்கம் கட்டி அந்தச் சவுக்கையும் சாணிப்பாலையும் ஒழித்தார்கள். பிறகு 1952-ல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. பெரியம்மாவுக்கு அப்போது கண்டது மறக்கவில்லை. மறதி நோய் மேலே இருப்பதைத்தான் முதலில் தின்னும், அடியில் கிடப்பது கடைசிவரை இருக்கும். பேத்தியின் பெயர் போய்விட்டது, தென்னை மரம் போகவில்லை. அவளைக் கட்டிலோடு கட்டியவர்கள் எண்பது வருடத்துக் கயிற்றை மறுபடி எடுத்து அவள் கையில் மாட்டினார்கள். “பேஷண்டோட பாதுகாப்புக்குத்தான்” என்றார்கள். ஆண்டைகளும் ஒழுங்குக்குத்தான் என்றார்கள்.

2001 ஆகஸ்ட் 6-ல் ஏர்வாடியில் மனநோயாளிகளை வைத்திருந்த கொட்டகை எரிந்தபோது சங்கிலியால் கட்டப்பட்டிருந்த 28 பேர் ஓட முடியாமல் வெந்து செத்தார்கள். நாடே தலைகுனிந்தது. இன்று 2017-ஆம் வருட மனநலப் பராமரிப்புச் சட்டம் இருக்கிறது. மனநல நிலையத்தில் ஒருவரைச் சங்கிலியில் போடக்கூடாது. உடனடி ஆபத்தைத் தடுக்க வேறு வழியே இல்லையென்றால்தான் கட்டலாம், அதற்கும் மனநல மருத்துவரின் அனுமதி வேண்டும். ஆள் பற்றாக்குறை என்ற காரணத்துக்காகக் கட்டக்கூடாது என்று தெளிவாகவே எழுதியிருக்கிறது. நல்ல சட்டம். பெரியம்மா செய்த தவறு, பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்குப் போகாமல் நெஞ்சுச் சளிக்கு நல்ல ஆஸ்பத்திரிக்குப் போனது.

அரசு ஆஸ்பத்திரி இதைவிட மேல் என்று சொல்லிவிட்டுப் போக எனக்கு ஆசைதான். அங்கே மகளையாவது பக்கத்தில் விடுவார்கள், தரையில் பாய் போட்டுக்கொள்ளலாம். ஜன்னிக்கு அந்தப் பாய் எந்த ஊசியையும்விட நல்ல மருந்து. ஆனால் ராத்திரி ஒரு வார்டுக்கு ஒரு நர்ஸ் ஓடிக்கொண்டிருப்பார். 2015-ல் தேர்வெழுதித் தேர்வான நர்ஸ்களை மாதம் 7,700 ரூபாய் தொகுப்பூதியத்துக்கு எடுத்தது நம் அரசு. அவரிடம் போய், கிழவிக்கு ஏன் இன்னும் கண்ணாடி மாட்டவில்லை என்று கேட்கிற துணிச்சல் எனக்கு இல்லை. கேட்க வேண்டியது அவரை இல்லை.

தெரியாத விஷயமா இது தமிழ்நாட்டில்? 1978-லேயே சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் டாக்டர் வி. எஸ். நடராஜன் முதியோருக்கென்று தனியாக நோயாளிகளைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார். இந்தியாவிலேயே முதல் முயற்சி. கிண்டியில் முதியோருக்கென்று 200 படுக்கையில் தேசிய மையம் 2024-ல் திறந்தாயிற்று. பெருமைதான். கீழ்வேளூரிலிருந்து கிண்டிக்கு ஏறக்குறைய 300 கிலோமீட்டர். நடுவில் இருக்கிற ஆஸ்பத்திரிகளின் வாசலில் எல்லாம் 5.00 முதல் 5.15 வரை.

பெரியம்மா இப்போது வீட்டில் இருக்கிறாள். நுரையீரல் சுத்தமாகிவிட்டது, எக்ஸ்ரேயைப் பார்த்து அண்ணன் நிம்மதி அடைந்தான். ரயில் கூவினால் எழுந்திருப்பதில்லை. வெற்றிலைப் பெட்டியை எதிரில் வைத்தாலும் அது என்னவென்று பார்க்கிறாள். முகம் துடைக்கத் துண்டை எடுத்தால் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொள்கிறாள். டிஸ்சார்ஜ் சம்மரியை மூன்று முறை படித்தேன். ஜன்னி வந்ததாக ஒரு வார்த்தை இல்லை. கட்டியதாக ஒரு வார்த்தை இல்லை. ‘நிலை முன்னேறி வீட்டுக்கு அனுப்பப்பட்டார்.’ பில்லில் மட்டும்தான் உண்மை இருக்கிறது.

உங்கள் வீட்டிலும் ஒரு கிழவியோ கிழவரோ இருப்பார். என்றாவது ஒருநாள் தள்ளிக்கொண்டு போவீர்கள். அந்தப் பாலிதீன் பையை வாங்காதீர்கள். கண்ணாடியும் காது மிஷினும் அவர்கள் முகத்திலேயே இருக்கட்டும், தொலைந்தால் தொலையட்டும். என்ன மாத்திரை சாப்பிடுகிறார், எதைச் சொன்னால் சிரிப்பார் என்று ஒரு தாளில் எழுதிக் கட்டிலில் ஒட்டுங்கள். நேற்று இருந்தது போல இல்லை என்று தோன்றினால் ‘அப்படித்தான் இருக்கும்’ என்ற பதிலோடு திரும்பாதீர்கள், எந்த மருந்து, எந்தக் குழாய், வயிறு போயிற்றா என்று கேட்டு நில்லுங்கள். கட்டப்போகிறோம் என்றால் யார் சொன்னது, எத்தனை மணிக்கு, எதற்காக, எப்போது அவிழ்ப்பீர்கள் என்று கேஸ் ஷீட்டில் எழுதச் சொல்லுங்கள். எழுத நேரமில்லை என்பார்கள். நம்பாதீர்கள். பில்லில் எழுத அவர்களுக்கு நேரம் இருந்தது.